மச்சத்துக்குக் கீழே போட்ட கோடு

சிஸ்டர் போட்ட கோடு கோணலாக இருந்தது. கட்டிங் மாஸ்டரின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மனைவியின் இடது முழங்காலுக்குக் கீழே, காயத்தின் மேல் ஒட்டியிருந்த மெத்தென்ற பட்டையைச் சுற்றி, நீல நிற பால்பாயிண்ட் பேனாவால் அந்தப் பெண் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அதை வட்டம் என்று சொன்னால் வட்டத்துக்கே கோபம் வரும். ஓரிடத்தில் உள்வாங்கி, ஓரிடத்தில் பிதுங்கி, தொடங்கிய இடத்துக்கு வந்து சேரும்போது பொருந்தாமல் ஒரு வால் விட்டுக்கொண்டு நின்றது. மாஸ்டரின் விரல்கள் தொடைமேல் தாமாக அசைந்தன. வாலிப வயதிலிருந்து சாக்குக்கட்டி பிடித்த கை அது. பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் அடுக்கடுக்காக விரித்த துணியின் மேல் அவர் ஒரு கோடு இழுத்தால், அதை அழித்து இன்னொரு கோடு போட்டதாகச் சரித்திரம் கிடையாது.

"தொட்டுப் பாத்தேன். இந்தக் கோடு வரைக்கும் கெட்டியா, சூடா இருக்கு. இதுக்கு வெளிய சாதாரணமா இருக்கு" என்றாள் சிஸ்டர். "மாத்திரை வேலை செஞ்சா இந்தக் கெட்டி உள்ள சுருங்கும். செய்யலைன்னா வெளிய பரவும். கோட்டைத் தாண்டிச்சுன்னா நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க."

"கோட்டைத் தாண்டினா ஃபெயில். எங்க மைதானத்துலயும் அதான் சட்டம்" என்றாள் மேடம், கட்டிலில் சாய்ந்தபடி.

சிஸ்டர் சிரித்துவிட்டு, முட்டிக்குச் சற்றுக் கீழே இருந்த மச்சத்தைப் பேனா முனையால் காட்டினாள். "மச்சத்துக்குக் கீழ நாலு விரல் தள்ளித்தான் இருக்கு. முட்டிப் பக்கம் ஏறாம பாத்துக்கணும்."

மேடம் என்பது மனைவிக்கு மாஸ்டர் வைத்த பெயர் இல்லை. ஊர் வைத்தது. பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். 'பயப்படறவ கீழ பாப்பா, ஓட்டறவ தூரத்தப் பாப்பா' என்று அவள் போடும் சத்தத்துக்குப் பயந்தே பாதிப் பேர் தூரத்தைப் பார்த்து ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்படிப் பயந்தவர்களில் ஒருத்தி பிரேக் பிடிப்பதாக நினைத்து ஆக்ஸிலேட்டரைத் திருகியதில், வண்டி பாய்ந்து மேடத்தின் மேல் சாய்ந்தது. கால் வைக்கும் கம்பி முழங்காலுக்குக் கீழே தோலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. ஓட்டிய பெண் 'ஓ'வென்று அழ, அவளைத் தேற்றி, முகம் கழுவச் சொல்லி, மறுபடியும் வண்டியில் ஏற்றி இரண்டு சுற்று ஓட வைத்துவிட்டுத்தான் மேடம் தன் காலைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி. ஏற்கெனவே சர்க்கரை கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்த உடம்பு. அவளுடைய தம்பி வேறு, "அக்கா, புண்ணுன்னா காத்து படணும், காயணும். மூடி வச்சா அழுகிப்போகும்" என்று ஒரு டப்பா பவுடரை வாங்கி வந்து கொட்டிவிட்டுப் போனான். மேலே பொருக்கு கட்டி அழகாகக் காய்ந்தது. கீழே சீழ் கோத்துக்கொண்டது. கால் ஊன்ற முடியாமல் போனபிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

சிஸ்டர் பொருக்கை ஊறவைத்து எடுத்து, சுத்தம் செய்து, தண்ணீரில் நனைத்த மாதிரி வழுவழுவென்றிருந்த ஒரு பட்டையை ஒட்டினாள். காயம் காயக்கூடாதாம். ஈரமாக இருந்தால்தான் புதுத் தோல் ஓரத்திலிருந்து நகர்ந்து உள்ளே வருமாம். தினமும் பிரிக்கவே கூடாதாம். பட்டைக்குள் மஞ்சளாகக் கொழகொழவென்று ஏதாவது சேர்ந்தால் சீழ் என்று பயப்பட வேண்டாம், பட்டையே கரைந்து அப்படி ஆகும் என்றாள். மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். புதிதாக ஒரு மாடல் சட்டை வந்தால் முதலாளி சொல்லச் சொல்ல எப்படித் தலையாட்டுவாரோ அப்படி. ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தது ஒன்றே ஒன்றுதான். கோடு. மற்றதெல்லாம் மருத்துவம், கோடு மட்டும் அவருக்குத் தெரிந்த பாஷை.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையை எடுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் காய்ச்சல் என்றால் அவள் பார்ப்பாள், அவளுக்குக் காய்ச்சல் என்றாலும் அவளேதான் பார்த்துக்கொள்வாள். இந்தத் தடவை அப்படி விடக்கூடாது என்று முடிவு கட்டியிருந்தார். பட்டறையில் விடுப்பு சொல்லிவிட்டு, அவள் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, மாத்திரையை நேரத்துக்குக் கையில் கொடுத்து, குளிக்கும்போது காலில் பிளாஸ்டிக் பை கட்டிவிட்டு, வாசலில் நின்று "வழுக்கப்போகுது, வழுக்கப்போகுது" என்று குரல் கொடுத்தார்.

"நீங்க கத்துற கத்துலதான் வழுக்கப்போகுது" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

தம்பி பவுடர் டப்பாவோடு மறுபடியும் வந்தபோது மாஸ்டர் அவனை வாசலிலேயே மடக்கினார். "மச்சான், உங்க வைத்தியத்துல உங்க அக்கா ஒரு தடவ பொழைச்சதே பெரிசு. இப்பல்லாம் புண்ணு காயக்கூடாது, தெரியுமா? ஈரம் வேணும்." ஏதோ தானே கண்டுபிடித்தது போல விரலை ஆட்டிச் சொன்னார். மச்சான் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டு, முணுமுணுத்தபடி போய்ச் சேர்ந்தான். உள்ளே மேடம் சிரிப்பது கேட்டது. அவளைச் சிரிக்க வைத்ததில் மாஸ்டருக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

பிளாஸ்டிக் பை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் வேர்வைக்கு வழி தெரியும். முதல் நாள் குளித்து வந்ததுமே கோடு கலங்கி, நீலம் இரண்டு பக்கமும் பரவிக் கிடந்தது. மாஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. பட்டறையில் துணியை நகர்த்த நகர்த்த சாக்குக்கோடு தேயும்; தேய்ந்தால் உடனே அதன்மேல் இழுத்துவிட வேண்டும்; 'கோடு மங்கினா துணி வீண்' என்று புதிதாக வருகிறவர்களிடம் அவர் ஓதாத நாள் இல்லை. அலமாரியிலிருந்து பேனாவை எடுத்தார். மனைவியின் காலடியில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கலங்கலின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். சிஸ்டர் விட்ட வாலைத் திருத்தினார். பிதுங்கலைச் சரி செய்தார். பார்க்க அம்சமாக இருந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொல்லுவா. ஆடத் தெரிஞ்ச நீங்க கூடத்தையே நிமித்திட்டீங்க" என்றாள் மேடம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் எட்டு போட்டுக்கொடுப்பதும் அவர்தான். வாரம் முழுக்கச் சக்கரம் ஏறி ஏறி எட்டு அழிந்திருக்கும். அழிந்த தடத்தின் வெளி ஓரத்தைப் பிடித்து அவர் போடுவார். தையலுக்கு விடுகிற பழக்கம் அது. கோட்டுக்கு வெளியே கொஞ்சம் தாராளமாக விட்டு வெட்டினால்தான் சட்டை இடிக்காது. அதனால் எட்டு மாதாமாதம் குண்டாகிக்கொண்டே போகும். "என்னங்க, நீங்க போடற எட்டுல லாரியே திரும்பும் போலிருக்கே, பொண்ணுங்க தேர்வுல போய் எப்படிப் பாஸ் ஆவாங்க?" என்று அவள் ஒரு நாள் கயிறு பிடித்து அளந்து பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள். அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்த விஷயம் சிரிப்போடு போய்விட்டது.

அதற்குப் பிறகு தினமும் குளியல் ஆனதும் கோடு என்றாகிவிட்டது. கோட்டுக்கு வெளியே ஏதாவது தெரிகிறதா என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வெள்ளை வெளேரென்ற ஒரு கால், அதில் தக்காளிச் சிவப்பாகப் பரவிய வீக்கம். அந்தச் சிவப்பைத்தான் தேடினார். மேடத்தின் காலோ நல்ல கறுப்பு. அங்கே எங்கும் சிவப்பு இல்லை. கொஞ்சம் பளபளப்பு இருந்தது; எண்ணெய் தடவிய மினுமினுப்பு என்று நினைத்துக்கொண்டார். "தாண்டல. நம்ம கோடு நின்னு வேலை செய்யுது" என்று அறிவிப்பார். அவள் "ம்" என்பாள். இரண்டு நாளாக அந்த 'ம்' சின்னதாகிக்கொண்டு வந்ததை அவர் கவனிக்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பட்டை மாற்றப் போக வேண்டிய நாளன்று, நல்ல வெயில் நேரத்தில் அவள் போர்வை கேட்டாள். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். பல் கிட்டும் அளவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. மாஸ்டர் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, வாசலுக்கு ஓடி, போகிற ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார். வழியெல்லாம் அவள் அவர் தோளில் சாய்ந்திருந்தாள். வண்டியில் எப்போதும் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவள், பின்னால் உட்காரும் அவரிடம் 'பிடிச்சுக்கோங்க' என்று சொல்கிறவள். அந்த உடம்பு இப்படித் தோளில் வந்து விழுந்ததும், ஆட்டோக்காரரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னார்.

அன்றைக்கு சிஸ்டருக்கு விடுமுறை. டியூட்டி டாக்டர் சின்ன வயதுக்காரர். அறைக்கு வெளியே இருமலும் காய்ச்சலுமாக நீளமான வரிசை. அவர் மேடத்தின் நாக்கைப் பார்த்தார், மார்பில் குழாய் வைத்துப் பார்த்தார், காலைக் குனிந்து பார்த்தார்.

"இது சிஸ்டர் போட்ட கோடுதானே?"

"ஆமாங்க" என்றார் மாஸ்டர். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. சிஸ்டர் போட்டதுதானே, நான் மங்காமல் காப்பாற்றினேன், அவ்வளவுதான் என்பதுதான் அவருடைய கணக்கு.

"எல்லாம் கோட்டுக்குள்ளதான் இருக்கு. அப்ப காலால வந்த காய்ச்சலா இருக்காது. ஊரெல்லாம் காய்ச்சல் ஓடுது. மாத்திரை தரேன். நாளைக்குக் காலையில சிஸ்டர் வந்ததும் பட்டையை மாத்திக்கலாம்."

மாஸ்டருக்கு மூச்சு வந்தது. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மருந்துக் கவுண்டர் பக்கம் வந்தார். அங்கேயும் வரிசை. மேடத்தின் கால் நாற்காலியின் பலகையில் நீண்டிருந்தது. புடவை முட்டிவரை ஏறியிருந்தது. இறக்கிவிடலாம் என்று குனிந்தவர் அப்படியே நின்றார்.

மச்சம் கோட்டுக்குள் இருந்தது.

துணி வெட்டும் முன்பு எந்தக் கட்டிங் மாஸ்டரும் மேசை விளிம்பில் போட்டு வைத்த அளவுக் குறியை ஒரு முறை பார்ப்பார். கோடு ஏமாற்றும், துணி நகரும், குறி நகராது. அவர் வெட்டிய ஆயிரமாயிரம் சட்டைகளிலும் அதைப் பார்க்காமல் கத்தி வைத்ததில்லை. இந்தக் காலில் மட்டும் பார்க்கவில்லை. நாலு விரல் தள்ளிக் கீழே இருந்த கோடு, மச்சத்தை விழுங்கி, முட்டியின் ஓரத்துக்கு வந்து நிற்கிறது. கோட்டைக் கெட்டி தாண்டவில்லை. கோடுதான் கெட்டிக்கு முன்னால் வழிவிட்டுக்கொண்டே போயிருக்கிறது. தினம் ஒரு விரல். தையலுக்கு விட்ட மாதிரி. குண்டாகிக்கொண்டே போன சுண்ணாம்பு எட்டு அவர் கண்முன் வந்து நின்றது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். இங்கே கண்ணாடி போட்டுக்கொண்டு காலடியில் உட்கார்ந்து தினம் தினம் பார்த்த புண் அவருக்குத் தெரியவில்லை.

பயம் என்றால் என்னவென்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நாற்காலியைத் திருப்பினார். "எங்க போறோம்?" என்று அரைக்கண்ணோடு கேட்டவளைத் தள்ளிக்கொண்டு, வரிசையை இடித்துக்கொண்டு, 'பெரியவரே, வரிசையில வாங்க' என்றவரைக் காதில் வாங்காமல், டாக்டரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"டாக்டர், அந்தக் கோடு சிஸ்டர் போட்டது இல்ல. நான் போட்டது."

டாக்டர் நிமிர்ந்தார். "நீங்க எதுக்குப் போட்டீங்க?"

"மங்கிப்போச்சு. அதான்... மேல ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். தினமும் இழுத்துவிட்டேன்." சொல்லச் சொல்ல, அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது அவர் காதிலேயே விழுந்தது. "சிஸ்டர் போட்டப்ப மச்சத்துக்குக் கீழ நாலு விரல் தள்ளி இருந்துச்சு. இப்ப மச்சம் உள்ள வந்துடுச்சு பாருங்க."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யார் என்று திரும்பிப் பார்க்கக்கூட மாஸ்டருக்குத் தெம்பில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து வந்து மண்டியிட்டு, புறங்கையை மேடத்தின் இரண்டு கால்களிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு மச்சத்துக்குப் பக்கத்தில் விரலால் லேசாக அழுத்தினார். ஸ்கூட்டர் மேலே விழுந்தபோதுகூடச் சத்தம் போடாதவள், "அம்மா!" என்று கத்தினாள். அந்தக் கத்தலில் மாஸ்டரின் கண் கலங்கிவிட்டது.

"சிவப்பு தெரியலைன்னு நானும் அசந்துட்டேன்" என்றார் டாக்டர், தனக்குத்தானே சொல்வது போல. "சூட்டைப் பாத்திருக்கணும். அட்மிட் பண்ணிடலாம்."

உள்ளே கட்டிலில் ஏற்றிப் பட்டையைப் பிரித்தார்கள். பட்டைக்கென்று ஒரு வாடை உண்டு, கழுவினால் போய்விடும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள். கழுவினார்கள். வாடை போகவில்லை. பஞ்சுக்குச்சியால் காயத்தில் தொட்டெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கையில் ஊசி ஏற்றி, ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டு, அதற்குள் மருந்தைச் செலுத்தினார்கள். மாஸ்டரை வெளியே நிற்கச் சொன்னார்கள். அவர் சுவரோரமாக நின்றார். கால் போய்விடுமோ என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பியது. கேட்டால் நிஜமாகிவிடும் என்று விழுங்கினார். கையை விரித்துப் பார்த்தார். சுட்டுவிரலிலும் கட்டைவிரலிலும் பேனா மை ஒட்டியிருந்தது. குழாயடிக்குப் போய்த் தேய்த்துக் கழுவினார்.

டாக்டர் வெளியே வந்தபோது மாஸ்டரின் முகத்தைப் பார்த்தே கேள்வியைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். "எலும்பு வரைக்கும் போகல. இன்னைக்கே திரும்பி வந்து சொன்னீங்க பாருங்க, அது நல்லதாப் போச்சு. நாளைக்குன்னா வேற பேச்சு பேசிட்டிருப்போம்."

மறுநாள் காலை சிஸ்டர் வந்தாள். வருவதற்குள்ளாகவே அவளுக்கு யாரோ கதையைச் சொல்லியிருந்தார்கள். மாஸ்டர் எழுந்து நின்றுகொண்டார், பாடம் படிக்காத பையன் மாதிரி. திட்டட்டும் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. மருந்தேறும் பாட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தப்பு எம்மேலயும் இருக்குங்க" என்றாள். "கோட்டுப் பக்கத்துலயே தேதியும் மணியும் எழுதியிருக்கணும். அவசரத்துல விட்டுட்டேன். எழுதியிருந்தா நீங்களும் கை வச்சிருக்க மாட்டீங்க. கோடு எதுக்குன்னும் சரியாச் சொல்லல. அது அழகுக்கு இல்ல. நேத்து எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் வச்சுக்கறதுக்கு."

"நான் அத இன்னைக்கு எங்க இருக்குன்னு போட்டுட்டேன்" என்றார் மாஸ்டர்.

"எத்தனை தரம் வலிக்குதான்னு கேட்டீங்க?"

மாஸ்டர் விழித்தார். கேட்கவில்லை. கோட்டைப் பார்த்தார், சிவப்பைத் தேடினார். அவளைக் கேட்கவில்லை.

"அவரைக் கேக்காதீங்க சிஸ்டர். நானே சொல்லல" என்றாள் மேடம். காய்ச்சல் இறங்கியதில் குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. "ரெண்டு நாளாவே வலி கூடிட்டுத்தான் இருந்துச்சு. உள்ளுக்குள்ள குத்துக்குத்துன்னு குத்துச்சு. இந்த மனுஷன் இத்தன வருஷத்துல மொத தடவையா காலடியில உக்காந்து பாத்துக்கறாரு. கோடு நல்லா நிக்குதும்மான்னு அவ்வளவு சந்தோஷமா சொல்றாரு. அந்த மூஞ்சியப் பாத்து வலிக்குதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

மாஸ்டருக்கு எதைப் பார்ப்பதென்று தெரியவில்லை. பாட்டிலைப் பார்த்தார். சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

"நல்ல ஜோடி" என்றாள் சிஸ்டர். "ஒருத்தர் வலியை மறைக்கறாங்க, ஒருத்தர் கோட்டை நகத்தறாரு. வலி கூடுதுன்னா அதுவே பெரிய சேதி மேடம். இனிமே அது உங்க வேலை. சார், உங்களுக்குப் பேனா கிடையாது. கையக் கொண்டாங்க."

அவர் கையைப் பிடித்துத் திருப்பி, புறங்கையை மேடத்தின் நல்ல காலில் வைத்தாள். அப்புறம் நோகிற காலில் வைத்தாள். "தெரியுதா?" தெரிந்தது. இஸ்திரி போட்ட துணியைத் தொட்ட மாதிரி ஒரு வித்தியாசம். இத்தனை நாள் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருந்து, பேனா முனை தவிர எதுவும் அவளைத் தொடவில்லை என்பது அவருக்கு உறைத்தது. "சுவர்ல இருக்கிற படத்தைப் பாத்து சிவப்பத் தேடாதீங்க. நம்ம தோல்ல அது அப்படிக் காட்டாது. கொஞ்சம் கருமை ஏறும், பளபளன்னு இழுத்துப் பிடிச்ச மாதிரி ஆகும், கெட்டியாகும். எல்லாத்துக்கும் மேல சூடு. புறங்கைக்குத் தெரியும். ஒரே கையால ரெண்டு காலையும் மாத்தி மாத்திப் பாருங்க."

பிறகு காயத்தைக் கழுவி, சாம்பல் நிறத்தில் ஒரு புதுப் பட்டையை ஒட்டினாள். வெள்ளி கலந்தது, கிருமியை அடக்கும் என்றாள்.

"வெள்ளியா?" மேடம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "கல்யாணமான நாள்லேர்ந்து இவர்கிட்ட வெள்ளிக் கொலுசு கேட்டுட்டிருக்கேன். கடைசில ஆஸ்பத்திரிதான் கால்ல போட்டுவிட்டுது."

பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடச் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்க முயன்றார், அழுகைதான் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைச் சாத்துவது போல நின்றார். சிஸ்டர் புதிதாக ஒரு கோடு போட்டாள். பழையதைவிடக் கோணல். பக்கத்தில் தேதியும் மணியும் எழுதினாள். மச்சம் அந்தக் கோட்டுக்குள்ளேதான் இருந்தது.

மச்சம் வீக்கத்துக்கு வெளியே வரும்வரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். சோதனை முடிவு வந்ததும் மருந்தை மாற்றினார்கள். கெட்டி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. சிஸ்டர் கோட்டைத் தொடாமல், உள்ளே சுருங்கிய இடத்தில் இன்னொரு கோடு போட்டாள். அதற்கும் தேதி, மணி. கால் ஏதோ வரைபடம் மாதிரி ஆகிவிட்டது. மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சான் வந்து பார்த்துவிட்டு, பவுடரைப் பற்றி வாயே திறக்காமல், நடையோரம் அக்காவின் செருப்பை நேராக எடுத்து வைத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்த பிறகும் மேடத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சும்மா உக்காந்துதானே இருக்கப்போறேன், மைதானத்துல உக்காந்துக்கறேன்" என்று நச்சரித்து, ஒரு காலை வேளையில் கிளம்பிவிட்டாள். மாஸ்டர் மைதான ஓரத்தில் நிழலாகப் பார்த்து நாற்காலி போட்டார். காலை நீட்டிக்கொள்ள எதிரே ஒரு முக்காலி. இவள் வருவது தெரிந்து பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். ஸ்கூட்டரை இவள்மேல் சாய்த்த பெண்ணும் வந்திருந்தாள். எல்லோருக்கும் பின்னால், கையைப் பிசைந்துகொண்டு.

"நீதான் மொத ஆளு. வா, எடு வண்டிய" என்றாள் மேடம்.

"வேணாம் மேடம், எனக்குக் கை நடுங்குது."

"நடுங்கட்டும். கை நடுங்கினா வண்டி போகும். கண்ணுதான் நடுங்கக் கூடாது. தூரத்தப் பாரு."

தரையில் பழைய எட்டு கிட்டத்தட்ட அழிந்துபோயிருந்தது. சுண்ணாம்புப் பொடி வாளி மரத்தடியில் இருந்தது. மாஸ்டரின் பார்வை அங்கே போவதை மேடம் பார்த்துவிட்டாள்.

"கை அரிக்குதா?"

"இல்லையே."

"பொய். நாளைக்குக் கயிறு பிடிச்சு நான் அளந்து தரேன், அப்புறம் போடுங்க. இன்னைக்கு இருக்கிறது போதும்."

வண்டி கிளம்பியது. அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு, தொலைவிலிருந்த மதிலைப் பார்த்தபடி, மங்கிய எட்டின் முதல் வளைவில் மெல்லச் சாய்ந்தாள். மாஸ்டர் முக்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மனைவியின் புடவையை முட்டிவரை ஒதுக்கினார். பட்டை இப்போது உள்ளங்கை அளவுகூட இல்லை. பட்டை மாற்றும்போது அவர் பார்த்திருந்தார்: காயத்தின் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாக, ஈரம் மின்ன, புதுத் தோல் உள்ளே நகர்ந்து வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் சிஸ்டர் போட்ட கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்து, கடைசியாகப் போட்டது மட்டும் ஒரு நீல நிழலாக மிச்சமிருந்தது. தேதியில் பாதி போய்விட்டது.

"கோடு மங்கிப்போச்சே" என்றாள் அவள், வண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மங்கட்டும்."

"வலிக்குதான்னு கேக்கலையா?"

"வலிக்குதா?"

"காலையில எந்திரிச்சப்ப கொஞ்சம். இப்ப இல்ல." பிறகு குரலை உயர்த்தி, "கீழ பாக்காத! மதிலப் பாரு!" என்று மைதானத்துக்குச் சொன்னாள்.

மாஸ்டர் புறங்கையை அவளுடைய நல்ல காலில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, காயம் பட்ட காலில், மச்சத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரே சூடு. நிழலில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷியின் சாதாரணச் சூடு. மறுபடியும் அந்தக் காலுக்குப் போனார். மறுபடியும் இந்தக் காலுக்கு வந்தார்.

"பாத்தாச்சா?" என்றாள் அவள்.

"இரு. இன்னும் முடியல" என்றார். வண்டி இரண்டாவது வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.